ஒரே வயிற்றிலிருந்து ஒன்பது டப்பா

என் தங்கை வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் செரிமானம் என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை. நான் வைத்திருந்தால் இதைவிட மோசமாக வைத்திருப்பேன். அது ஒரு சோப்புத் தொழிற்சாலை. அதன் கேன்டீனில் அவர் தலைமைச் சமையல்காரர், நான் அவருக்குக் கீழே காய் நறுக்குகிறவன். முறைப்படி பார்த்தால் நான் பெண் கொடுத்த வீட்டு மூத்தவன், அவர் எனக்கு மாப்பிள்ளை, எனக்குக் கொஞ்சம் மரியாதை வர வேண்டும். அடுப்படியில் அந்த முறையெல்லாம் செல்லாது. அவர் வெங்காயம் என்றால் நான் உரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் வந்த கதை இதுதான். ஒரு கோடைகாலத்தில் குளிர்சாதனப் பெட்டி இரண்டு நாள் வேலை செய்யாமல் கிடந்து, அது யாருக்கும் தெரியாமல், அதிலிருந்த கோழியைச் சமையலறைக்காரர்கள் ஒன்பது பேரும் மத்தியானம் வழித்து வழித்துச் சாப்பிட்டோம். மறுநாள் எட்டுப் பேர் ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்திருந்தோம். ஒன்பதாமவர் எங்களைப் பார்க்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கட்டில் கட்டிலாக நின்று துக்கம் விசாரித்தார். யாரும் சாப்பிடுகிற நிலையில் இல்லை என்று தெரிந்ததும் அந்தச் சீப்பை அவரே உரித்துத் தின்றுவிட்டுப் போனார். அன்றைக்கு வந்த பெயர். அவருக்கு அதில் ஏகப் பெருமை.

முப்பது வருஷ சமையலில் வயிறு சரியில்லை என்று ஒரு நாள் அவர் உட்கார்ந்ததில்லை. அதனால் உடம்பைப் பற்றிப் பேசும் உரிமை தனக்கு மட்டும்தான் உண்டு என்ற நினைப்பு. சமையலறையில் அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. சோப்புக்கு அங்கே இடமில்லை. கை சோப்பு வாசனை அடித்தால் சாப்பாடும் சோப்பு வாசனை அடிக்கும் என்பார். தண்ணீரில் அலசு, தோளில் கிடக்கும் துண்டில் துடை, முடிந்தது. கம்பெனியில் ஆளுக்கு மாதம் ஆறு கட்டி சோப்பு சும்மா கொடுத்தார்கள். அந்த வளாகத்தில் சோப்பே இல்லாத ஒரே அறை எங்கள் சமையலறை. நாங்களும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தோம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அவர் சமையலில் ஜனங்கள் உயிரை விடுவது பச்சைக்காய்க் கலவைக்கு. வெள்ளரி, வெங்காயம், தக்காளி எல்லாம் நான் நறுக்குவேன். கலப்பது அவர் மட்டும்தான், அதுவும் கையால்தான். கரண்டி போட்டுக் கலந்தால் காய்க்குக் கோபம் வந்துவிடும் என்று சொல்வார். ஐந்நூறு பேருக்கான காயை முழங்கை வரை விட்டுப் புரட்டுவார். அந்தக் கையில் என்னவோ இருக்கிறது என்று ஊரே மெச்சும். இருக்கத்தான் இருந்தது.

என் தங்கை அதே தொழிற்சாலையில் பொட்டலப் பிரிவில் லைன் தலைவி. இருபது பெண்கள் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறார்கள். வீட்டில் அவளுக்கு இருந்த பட்டம் வேறு. கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு தடவை, ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, டைபாய்டு வந்து நாள் கணக்கில் படுத்தாள். இரண்டாம் தடவை அவள் பிழைப்பாளா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அதற்கு நம் மாப்பிள்ளை வைத்த பெயர் காகித வயிறு. விருந்தாளி வந்தால் சொல்வார், எனக்கு இரும்பு, இவளுக்குக் காகிதம், எப்படிப் பொருத்தம் பாருங்கள் என்பார். அவள் சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மறுநாள் காலை அவருக்குக் கீழேதானே நறுக்க வேண்டும், வாயை மூடிக்கொள்வேன். நான் அப்படியொரு வீரன்.

இந்த வருஷம் பொட்டலப் பிரிவிலும் சோப்புக் காய்ச்சும் பிரிவிலும் ஒருவர் பின் ஒருவராகப் பதினோரு பேருக்குக் காய்ச்சல். எல்லாம் டைபாய்டு. சுகாதார அலுவலகத்திலிருந்து வந்தார்கள். குடிதண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம் அவர்கள் பார்வை மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது. சமையலறைக்காரர் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு சின்ன டப்பா கொடுத்தார்கள். நீல மூடி, மேலே பெயர் ஒட்டியிருந்தது. நாளைக் காலையில் அவரவர் மலத்தில் கொஞ்சம் எடுத்து வர வேண்டும், கிருமி இருந்தால் சமையலறைக்குள் கால் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கேஸ் சிலிண்டர் கொட்டகைக்குப் பின்னால் கூட்டம் போட்டோம். பாத்திரம் தேய்க்கும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். போன வாரம்தான் அவளுக்கு வயிறு கெட்டு மூன்று நாள் ஓடியிருக்கிறாள். வேலை போனால் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்றாள். உலை வைக்கிறவருக்கு வயிற்றில் புண். எனக்கோ அந்த டப்பாவைக் கையில் வாங்கியதிலிருந்தே கலக்கிக்கொண்டிருந்தது. ஆளாளுக்குத் தங்கள் வயிற்றின் குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கூடவே வேலை செய்தவர்களுக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அந்தப் பாழாய்ப்போன யோசனை என்னுடையதுதான். வேறு யார் மேலும் பழியைப் போட மாட்டேன்.

“நம்ம ஒன்பது பேர்ல உருப்படியான வயிறு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு” என்று சொல்லி மாப்பிள்ளையைப் பார்த்தேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

முதலில் முறைத்தார். அப்புறம் பாத்திரக்கார அக்காவின் அழுகையைக் கேட்டார். அப்புறம் மெல்ல நெஞ்சு நிமிர்ந்தது. தேர்தலில் நிற்கச் சொல்லி ஊர் திரண்டு வந்து கேட்டால் ஒருவர் எப்படி முகத்தை வைத்துக்கொள்வாரோ அப்படி வைத்துக்கொண்டு, சரி, டப்பாவையெல்லாம் கொடுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டதாகத் தங்கை பிற்பாடு சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்குக் கம்பெனி வேலை என்றாராம். காலையில் துணிப்பையோடு வந்தார். ஒன்பது டப்பா, ஒன்பதும் ஒரே அளவு. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாரபட்சம் பார்க்காத மனுஷன் என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அவரவர் பெயரைத் தேடி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று நல்ல பிள்ளைகளாகக் கொடுத்துவிட்டு வந்தோம். நிம்மதியாக வெங்காயம் நறுக்கினேன்.

எட்டாம் நாள் சுகாதார அலுவலக டாக்டரம்மா நேரில் வந்தார். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அதை எங்கெங்கோ தேடுகிறவர். ஆனால் பேச்சில் ஒன்றும் தொலையாது. கூட வந்த இரண்டு பேர் சமையலறைக் கதவுக்குக் குறுக்கே நாடா ஒட்டினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே பெஞ்சில் எங்கள் ஒன்பது பேரையும் உட்கார வைத்தார்.

ஒன்பது டப்பாவிலும் டைபாய்டுக் கிருமி இருக்கிறது என்றார்.

டாக்டரம்மாவே மேலே பேசினார். நூறு பேருக்கு டைபாய்டு வந்து போனால் அதில் இரண்டு மூன்று பேர் வெளியே ஒன்றும் தெரியாமல் கிருமியை உள்ளே சுமந்துகொண்டு திரிவார்களாம். ஒரே அடுப்படியில் ஒன்பது பேரும் அப்படி இருப்பதை அவர் படித்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. ஒன்பது பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சோதிக்கப் போகிறாராம். மாதக் கணக்கில் யாரும் சமையலறைக்குள் வர முடியாது. அக்கா என் தோளில் சாய்ந்துவிட்டாள். நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன், சத்தியமாக. திரும்ப உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை எழுந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. எதிராளி வசமாக மாட்டிக்கொண்டான் என்ற சந்தோஷம் இருந்தது.

“மேடம், ஒன்பதும் என்னுதுதான். எனக்கு ஒரு வியாதியும் கிடையாது, யாரை வேணா கேளுங்க. அப்போ தப்பு உங்க லேப்லதான்.”

டாக்டரம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“மாஸ்டர், இந்தச் சோதனையில கிருமி சில சமயம் தப்பிச்சுடும். அதனாலதான் ஒரே ஆள மூணு தடவை பாப்போம். நீங்க ஒரே நாள்ல ஒன்பது தடவை பரீட்சை எழுதி ஒன்பதுலயும் மாட்டியிருக்கீங்க. என் சர்வீஸ்ல இவ்வளவு சந்தேகமே இல்லாத ரிசல்ட் வந்ததில்ல.”

அப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் புது டப்பா, கழிவறைக் கதவுக்கு வெளியே ஒரு காவல். உள்ளே எவ்வளவு நேரம் ஆனாலும் காவலர் நகரவில்லை, அவ்வப்போது ஆச்சா என்று கேட்டு உற்சாகம் வேறு கொடுத்தார். முடிவு வந்தது. புண் வயிறு, கெட்ட வயிறு, என் கலங்கின வயிறு எட்டும் சுத்தம். இரும்பு வயிறு மட்டும் இல்லை. அவரவர் சொந்தச் சரக்கைக் கொடுத்திருந்தால் எட்டுப் பேரும் முதல் நாளே தேறியிருப்போம். ஏமாற்றியதற்கு ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதமும் எட்டு நாள் சம்பளமில்லா விடுப்பும் கிடைத்தன. மாப்பிள்ளைக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. கிருமி முழுசாகப் போய், மூன்று சோதனை சுத்தமாக வந்தால் அடுப்பு. இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் கரண்டி பிடிக்க முடியாது.

அவர் உடைந்து போவார் என்று நினைத்தேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க நானும் தங்கையும் கூடப் போனோம். ஒரே வீட்டு ஆள் என்று தங்கையையும் சோதித்திருந்தார்கள். டைபாய்டுக் கிருமியை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் அவருக்குத்தான் எல்லோரையும் விட மிக அதிகம் என்று எழுதியிருந்தது. உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்களைத் திரும்பிப் பார்த்து, பார்த்தீர்களா, எனக்குத்தான் எதிர்ப்புச் சக்தி அதிகம் என்றார்.

“அதிகமா இருக்குன்னா சண்டை இன்னும் முடியலன்னு அர்த்தம் மாஸ்டர்” என்றார் டாக்டரம்மா.

அன்று அவர் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். வாய் வழியாக வரும் கிருமியில் பெரும்பகுதியை இரைப்பையில் இருக்கும் அமிலமே சுட்டுவிடும். தப்பித்தவன் குடலுக்கு வருவான். குடல் சுவரை ஒட்டி நம் உடம்பின் காவல் செல்கள் இருக்கின்றன, வேண்டாதவனைப் பிடித்து அப்படியே விழுங்கிவிடுகிறவை. மற்றக் கிருமியெல்லாம் அதோடு ஒழிந்தது. இந்த டைபாய்டுக் கிருமி இருக்கிறதே, பெரிய கில்லாடி. விழுங்கின செல்லுக்கு உள்ளேயே சாகாமல் உட்கார்ந்துகொண்டு அதிலேயே ஈரல், மண்ணீரல் என்று சுற்றும். திருடன் போலீஸ் ஜீப்பிலேயே ஏறி ஊரைச் சுற்றிப் பார்ப்பது மாதிரி. உடம்புக்கு விஷயம் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகும். தெரிந்ததும் வேறு வகை வெள்ளைச் செல்கள் வந்து, உனக்கு உள்ளேதான் அவன் இருக்கிறான், கொளுத்து என்று விழுங்கின செல்லுக்குச் சேதி சொல்லும். அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருளும் தயாராகி ரத்தத்தில் இறங்கும். இந்தக் கலாட்டாவில்தான் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. காய்ச்சல் கிருமி செய்வதில்லை, நம் உடம்பு அடுப்பு மூட்டுவது.

மாப்பிள்ளைக்கு எப்போதாவது காய்ச்சல் வந்ததுண்டா என்று டாக்டரம்மா கேட்டார். ரொம்ப யோசித்து, கல்யாணத்துக்கு முன்னால் சாலை போடும் முகாமில் சமைத்தபோது இரண்டு நாள் உடம்பு வலித்தது, ஒரு மத்தியானம் மட்டும் படுத்தேன் என்றார். அதுதான் டைபாய்டாம். ரத்தத்திலும் ஈரலிலும் இருந்ததை அவர் உடம்பு அடித்து விரட்டிவிட்டது. ஆனால் ஸ்கேனில் அவர் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. சில கிருமிகள் அந்தக் கல்லின் மேல் பசை மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டு குடியேறிவிட்டன. அங்கே காவல் செல்லும் போக முடியாது, எதிர்ப்பொருளும் எட்டாது. இவரை ஒன்றும் செய்யாமல், பித்தநீரோடு தினம் கொஞ்சம் குடலுக்கு இறங்கி, வெளியே வந்து, சோப்புப் படாத கையில் ஏறி, வெள்ளரிக்காய்க்குப் போயிருக்கின்றன. அடுப்பில் வெந்ததில் கிருமி செத்துவிடும், பச்சையாகக் கலந்ததில்தான் பிழைத்திருக்கிறது. காய்ச்சல் வந்த பதினோரு பேரும் அந்தக் கலவையை விரும்பி இரண்டாம் தடவை வாங்கினவர்கள்.

விடுமுறை நாளில் வீட்டிலும் அவர் அதே கலவையை அதே கையால் செய்வார். தங்கைக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

“அப்போ எனக்கு ரெண்டு தடவை வந்ததும்?” என்று கேட்டாள்.

அவர்கிட்டேயிருந்துதான் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் வேறு இடம் தேடுவதும் கஷ்டம் என்றார் டாக்டரம்மா. நம் ஆள் அங்கேயாவது சும்மா இருந்திருக்கலாம். இவளுக்கு எப்போதுமே காகித வயிறு என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார். டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார்.

“அவங்களுக்குக் காய்ச்சல் வந்தது உடம்பு தோத்ததால இல்ல, சண்டை போட்டதால. ரெண்டு தடவையும் போட்டு, ரெண்டு தடவையும் அடியோட துரத்தியிருக்காங்க. அவங்க சோதனை சுத்தமா இருக்கு. நீங்கதான் எதிரிக்கு உள்ளயே வீடு குடுத்துட்டு, நான் நல்லா இருக்கேன்னு சுத்திட்டிருக்கீங்க.”

திரும்பும்போது பஸ்ஸில் தங்கை அவர் பக்கத்தில் உட்காரவில்லை, எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இனிமேல் அடுப்படிப் பக்கம் வராதீங்க என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. சாப்பாட்டைத் தொடாத இடம் எது என்று யோசித்துப் பொட்டலப் பிரிவில் போட்டார்கள். அதாவது என் தங்கைக்குக் கீழே. இருபது வருஷமாக நான் அனுபவித்ததை அவரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி, மறைப்பானேன்.

பரிசுப் பெட்டியில் மூன்று சோப்பு வைத்து மேலே நாடாவால் பூமுடிச்சு போட வேண்டும், அதுதான் வேலை. ஐம்பது கிலோ அரிசியைத் துழாவுகிற கை அது. அவர் போட்ட முடிச்சு மூட்டை கட்டின மாதிரி இருந்தது. என் தங்கை ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பார்த்து, மறுபடி கட்டுங்க என்று திருப்பி வைப்பாள். வேலை நேரத்தில் மற்றவர்களைப் போல அவரும் அவளை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். பழகிப்போய் ஒரு நாள் வீட்டிலும் மேடம், தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அவள் திருத்தவில்லை.

கேன்டீனில் அவர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். அதைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. இரண்டாம் வாரம் காய்ச்சும் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, ரொம்ப மரியாதையாக, நீங்கள் முன்பு நறுக்கின காய் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு வாரம் மாத்திரை சாப்பிட்டார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. கொஞ்ச நாள் விட்டுச் சோதித்தால் கிருமி அப்படியே இருந்தது. கல் இருக்கிற வரைக்கும் மாத்திரை அங்கே சரியாக வேலை செய்யாது, பித்தப்பையை எடுத்துவிடலாம், அது இல்லாமலே மனிதர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. அங்கேதான் நம் இரும்பு மனிதர் மண்டி போட்டார். ஊசி கூடப் போட்டுக்கொள்ளாத உடம்பு. இந்த வாரம் முதுகு வலி என்பார், அடுத்த வாரம் பெட்டி ஆர்டர் அதிகம் என்பார். சம்மதக் காகிதம் ஒரு மாதம் அலமாரியில் கிடந்தது. தங்கை வற்புறுத்தவில்லை. அவள் ஏதாவது சொல்ல மாட்டாளா என்று அவர் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அவள் சொல்லவே இல்லை.

காய்ச்சல் வந்த பதினோரு பேரில் கடைசியாக வேலைக்குத் திரும்பினவள் பொட்டலப் பிரிவில் நாடா வெட்டும் பெண். ஆள் பாதியாகியிருந்தாள், தலைமுடி கொட்டி உச்சி தெரிந்தது. அவளை அவருக்கு எதிர் இருக்கையில் போட்டிருந்தார்கள். அவர் நாள் முழுக்கத் தலை நிமிரவில்லை. சாயங்காலம் அவளே பேசினாளாம்.

“மாஸ்டர், இப்போ கேன்டீன் சாப்பாடு வாயில வைக்க முடியல. நீங்க எப்போ திரும்ப வருவீங்க?”

என் சமையலை யாரும் அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை, எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் மச்சான் என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அவர் மேல் இருபது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் பாதி அன்று போய்விட்டது. மறுநாள் காலை கையெழுத்துப் போட்டார்.

பித்தப்பையில் பதினேழு கல் இருந்தது. மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது அந்தக் கல்லை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றுதான். அத்தனையும் கிருமி என்று நர்ஸ் விரட்டினார். எப்படியோ பதினேழு என்ற எண்ணிக்கையை மட்டும் கொண்டுவந்து எல்லோரிடமும் சொன்னார். மறுபடி மாத்திரை, மறுபடி டப்பா, மாதம் ஒன்றாக மூன்று டப்பா. அவர் கொண்டு போன விதத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போவார். மூன்றும் சுத்தம் என்று எழுதி முத்திரை வைத்த காகிதம் வந்தபோது சோப்புத் தொழிற்சாலையில் அவர் கட்டின கடைசிப் பெட்டியின் முடிச்சு கொஞ்சம் பூ மாதிரியே இருந்தது என்று தங்கை ஒப்புக்கொண்டாள். வீட்டு அடுப்படியை மட்டும் அவள் இன்னும் திறந்துவிடவில்லை.

அவர் திரும்பி வந்த நாள். கோழிச்சாறும் அரிசிச் சோறும். காலையிலிருந்து நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். நறுக்க, கழுவ, கிளற ஒவ்வொன்றுக்கும் முன்னால் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெளுத்துப்போயிருந்தது. என்னிடம் ஒரு கிண்டல் இல்லை, ஒரு அதட்டல் இல்லை. மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தோம். ஐந்நூறு பேர் தட்டோடு வரிசையில் வந்தார்கள். வந்தவர்கள் பரிமாறும் மேசைக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார்கள்.

முதலில் நின்றவர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார், கட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் கைபேசியை எடுத்தார். என் சமையலை ஏழு மாதமாகத் திட்டினவர்கள்தான், இவர் எப்போது வருவார் என்று கேட்டவர்கள்தான். காகிதம் சுத்தம் என்று சொல்கிறது, வயிறு நம்ப வேண்டுமே. மாப்பிள்ளை கரண்டியைச் சாற்றுக்குள் விட்டபடி நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. இந்த வரிசை இன்று நகராவிட்டால் நாளைக்கும் நகராது என்று எங்கள் எட்டுப் பேருக்கும் தெரியும்.

வரிசையின் நடுவிலிருந்து என் தங்கை வெளியே வந்தாள். வேகமாக வரவில்லை, லைனைச் சுற்றிப் பார்க்க வருகிற நடையில்தான் வந்தாள். தட்டை நீட்டினாள். அவர் சோறு வைத்து, கோழிச்சாறு ஊற்றினார், மேசையில் கொஞ்சம் சிந்தியது. அவள் சாப்பிடும் மேசைக்குப் போகவில்லை. அங்கேயே நின்று, எல்லோரும் பார்க்க, ஒரு வாய் எடுத்து வைத்து நிதானமாக மென்றாள்.

“உப்பே இல்ல” என்றாள்.

“பாக்கல.”

“முப்பது வருஷமா சமைக்கறீங்க. ருசி பாக்காமயா இறக்குனீங்க?”

அவர் கரண்டியைப் பார்த்தபடி சொன்னார். மெல்லத்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் பின்வரிசை வரைக்கும் கேட்டது.

“வாயில வச்ச கரண்டி தெரியாம சட்டிக்குள்ள போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. மறுபடியும் உன்னப் படுக்க வச்சுடக் கூடாது.”

தங்கைக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன், அவள் அண்ணன் நான், எனக்குத் தெரியாதா. பிறகு தட்டை மறுபடி நீட்டினாள்.

“இன்னொரு கரண்டி ஊத்துங்க” என்றாள்.

ஷூ கயிறு கட்டினவர் நிமிர்ந்து முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் நாடா வெட்டும் பெண், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். அன்று ஐந்நூறு பேரும் உப்பில்லாத சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். நான் உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக ஓடினேன்.